முதல் துண்டு டேசிக்கு

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. மூன்று பேர் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். எட்டுப் பேரும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் மெதுவாகத்தான் எழுத வரும். எனக்கு அவசரமும் இல்லை.

எழுத நினைத்தது என்னைப் பற்றி இல்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் ஆப்பக்கடை வைத்திருந்த அக்காவைப் பற்றி. அவள் பெயர் எனக்குத் தெரியாது. பல் விழுந்த கிழவரும் அவளை அக்கா என்றார். பீட் வரும் போலீஸ்காரரும் அக்கா என்றார். அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் போய் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். கல்யாணமாகி வியாசர்பாடியிலிருந்து வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அக்கா வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். சாமான்களோடு கைவண்டியின் பின்னால் நடந்து வந்து நின்றேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மந்தார இலையை விரித்து இரண்டு ஆப்பம் வைத்தாள்.

"சாப்ட்டுட்டேன்கா" என்றேன். புதுப்பெண், வெட்கம்.

"வாயி சாப்ட்டேன்னு சொல்லுது. தொண்டக்குழி இல்லேன்னு சொல்லுது. குந்து."

அக்காவின் வழக்கமே அதுதான். சாப்பிட்டாயா என்று ஒருவரையும் கேட்கமாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டா மானத்துக்குப் பொய் சொல்லுவாண்டி. எலையப் போட்டுட்டா கை தானா வரும்" என்றாள். ரேஷன் அரிசி பற்றாத காலம் அது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவைக் கலந்து ஆப்பம் சுடுவாள். அந்த ஆப்பம் ரப்பர் மாதிரி இழுக்கும். ஆனாலும் வந்தவன் வெறும் வயிற்றோடு போனதில்லை.

குழாயடியில் எதிர்வீட்டுக்காரி ஒருத்தி அக்காவின் குடத்தை உருட்டிவிட்டு, அவள் குலத்தையே இழுத்துத் திட்டினாள். மறுநாள் திட்டியவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைக்கு வரக் கூச்சப்பட்டுச் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"இன்னாடி, அங்கயே நின்னுகினு கீற? சண்ட போட தெம்பு வேணாவா? வா, துன்னு. மிச்ச திட்ட அப்பாலிக்கா திட்டு."

அவள் சிரித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டு சாப்பிட்டாள். அக்காவுக்குச் சண்டை, மானம், சாதி, நேரம் எதுவும் கணக்கில்லை. எதிரில் ஒரு வாய் சும்மா இருந்தால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். யாராவது மறுத்தால், "பசின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்" என்பாள். அதற்கு மேல் சொன்னதில்லை.

அந்தக் கைக்குத்தான் டேசி வந்து சேர்ந்தது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சட்டைக்காரக் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறக் கிளம்பியது. ஆங்கிலம் பேசும் கலப்புக் குடும்பங்களை நாங்கள் சட்டைக்காரர் என்போம். அந்த வீட்டுப் பையன்கள் அக்காவிடம் ஆப்பம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் சட்டைக்காரம்மா தன் நாயை அக்காவிடம் விட வந்தாள். வெள்ளைச் சடை, முயலைவிடக் கொஞ்சம் பெரிது, கருந்திராட்சை மாதிரி இரண்டு கண். பெயர் டெய்சி. சந்துக்கு வந்ததும் டேசி ஆனது. நாயோடு ஒரு சிகரெட் டப்பாவையும் அக்கா கையில் கொடுத்தாள்.

"காலைல ஒரு டப்பா. சாங்காலம் ஒரு டப்பா. நிறிய துன்னா அவன் செத்துப் போறான்."

"அவன் இல்லம்மா, அவ" என்றாள் அக்கா.

"ஆமா. அவனுக்கு நிறிய குடுக்காதே."

அந்தம்மா அழுதுகொண்டே ரிக்‌ஷாவில் ஏறிப் போனாள். அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம், கப்பலேற அவசரத்துல டப்பாவ மாத்திக் குடுத்துட்டாப்பல கீது. இது மூக்குப்பொடி டப்பா அளவுதாண்டி கீது" என்றாள். நாயைத் தூக்கி விலாவைத் தடவினாள். முகம் மாறிவிட்டது. "எலும்பு கைல தட்டுது. பட்டினி போட்டு வெச்சிருந்துகிறாங்க."

டப்பாவில் சுக்குத்தூள் போட்டு மாடத்தில் வைத்துவிட்டாள். டேசிக்கு ஆப்பமும் தேங்காய்ப்பாலும் விழுந்தது. மத்தியானம் மீன்குழம்புச் சோறு, ராத்திரி மிச்சம் மீதி.

கடைக்கு விடியற்காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்து ஆட்கள். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். எல்லப்பன் என்று பெயர். முறுக்கு மீசை, பெரிய தொண்டை. ஒருநாள் சாப்பிடும்போது டேசி அவர் காலடியில் வந்து நின்று பார்த்தது. முதல் ஆப்பத்தின் முறுகலில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டார். அன்று கப்பலடியில் மூட்டைகளைத் தூக்கும் கயிறு அறுந்தது. மூட்டை அவர் தோளை உரசிக்கொண்டு பக்கத்தில் விழுந்தது. கீறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் வந்து நாயின் முன்னால் கையைக் கூப்பினார். "என்மேல இருந்த கண்ணு அந்தத் துண்டோட போச்சுக்கா. மெய்யாலுமே சொல்றேன். இந்தத் தாயி முழுங்கிட்டா" என்றார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. இலையில் ஆப்பம் விழுந்ததும் ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து, முகத்தை மூன்று சுற்று சுற்றி, டேசிக்குப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் செய்தார்கள். என் வீட்டுக்காரரும் செய்தார். அவர் செய்துவிட்டுப் போனால் எனக்கும் அன்று முழுக்க நிம்மதியாக இருக்கும். டேசியும் பழகிவிட்டது. கூட்டம் வந்து உட்கார்ந்தால் கோயில் ஐயர் தட்டோடு வருவதுபோல ஒவ்வொரு இலையாகப் போய் நின்று வாங்கிக்கொள்ளும்.

ஒரு வருடத்தில் டேசி உருண்டுவிட்டது. கழுத்துக்கும் உடம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் அம்மிக்குழவிக்குச் சடை வைத்ததுபோல இருக்கும். சந்தில் எல்லோருக்கும் அதில் பெருமை. ஊரில் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக அலைந்த காலத்தில் எங்கள் சந்து நாய் கொழுகொழு என்று இருந்தால் பெருமையாக இராதா? "அக்கா வளப்புன்னா வளப்புதான்" என்பார்கள். அக்கா வாய்கொள்ளாமல் சிரிப்பாள்.

பிறகு டேசி சாக்கடையைத் தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே நின்று அழ ஆரம்பித்தது. குரைத்தால் பாதியில் இருமல் வரும். கடைசியில் இலை இலையாக நடக்கவும் முடியவில்லை. ஆட்களே எழுந்து போய் அது படுத்திருந்த இடத்தில் வாய்க்கு நேரே துண்டை வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு மத்தியானம் அது நின்றபடியே பின்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. நாக்கு நாவற்பழம் தின்றதுபோல நீலம் பாய்ந்திருந்தது.

அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, நாயை மடியில் போட்டுக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள்.

ரிக்‌ஷாக்காரன் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "இன்னாக்கா, மடில நாயா, கன்னுக்குட்டியா?"

"இழுடா பேமானி. உசுரு போய்கினு கீது."

டாக்டர் சின்ன வயது, மூக்குக்கண்ணாடி போட்டவர். நாயின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விரல்களை விலாவில் வைத்து அழுத்தினார். அழுத்தி அழுத்தி எதையோ தேடினார்.

"எலும்பு எங்கம்மா?"

"உள்ளதான் சாமி கீது" என்றாள் அக்கா.

"கை வெச்சா தட்டணும். மேலேர்ந்து பாத்தா இடுப்பு தெரியணும். இது சின்ன ஜாதி நாய், சின்ன இதயம். இத்தனை பாரத்தை அது எப்படி இழுக்கும்? இப்படியே விட்டா இந்த மழைக்காலம் தாண்டாது. ஒரேயடியா பட்டினி போடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். தெனம் நடக்கவைக்கணும், முதல்ல கொஞ்ச தூரம், அப்புறம் கூட்டிக்கலாம். காலையும் சாயங்காலமும் அளந்து வெக்கறது தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள். சட்டைக்காரம்மா டப்பாவை மாற்றிக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் மாடத்திலிருந்த சுக்குத்தூளைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவினாள்.

ஆனால் அளந்து வைப்பது அவளால் ஆகவில்லை. டப்பாவில் சோற்றை எடுப்பாள், கை தானாக இன்னொரு பிடி எடுக்கும். டேசி தின்றுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்தத் திராட்சைக் கண்ணைப் பார்த்ததும் அக்கா மறுபடி சோற்றுப் பானையைத் திறப்பாள்.

"என்னால ஆவாதுடி. நீயே வை. நான் வெளிய போய் நின்னுகிறேன். அது பாத்துச்சுன்னா என் கை நிக்காது" என்றாள்.

நான்தான் வைத்தேன். வைக்கும் நேரத்தில் அக்கா சந்தில் போய்க் கடலைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முடிந்ததா என்று அங்கிருந்தே கேட்பாள். பிறகு வந்து காலித் தட்டைப் பார்த்துவிட்டு, மாவு கரைக்க உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு மாதம் போனது. டேசி ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை. மூச்சு இன்னும் மோசமானது. டப்பா அளவுக்கு மேல் நான் ஒரு பருக்கை வைக்கவில்லை. எங்கிருந்து ஏறுகிறது?

"நீ எனக்குத் தெரியாம போடுறியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீதான் ராத்திரில எயுந்து போடுறே" என்றேன்.

அவள் எரிகிற அடுப்பின்மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்தாள். நானும் என் வீட்டுக்காரர்மேல் சத்தியம் செய்தேன். அப்புறம் கொஞ்ச நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாவு ஆட்டினோம். அவள் மாவைத் தள்ளிவிடுவாள், நான் குழவியைச் சுற்றுவேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கோபப்பட்டார். வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்றார். ஒன்றுமே இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பொய் இல்லை. எங்களுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

"சரி, காலையில கண்ணு முழிக்கறதுலேர்ந்து சொல்லுங்க. அது என்ன பண்ணும், யார் யார் வருவாங்க, எல்லாம்."

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். விடியும், அடுப்பு மூட்டுவேன், ஆளுங்க வருவாங்க, எலை போடுவேன், ஆளுக்கு ஒரு துண்டு கண்ணு கழிச்சு இதுக்குப் போடுவாங்க, அப்பாலிக்கா...

"இருங்க" என்றார் டாக்டர். "எத்தனை பேரு?"

அக்கா விரல் மடக்கினாள். கை விரல் முடிந்து என் கையையும் பிடித்து மடக்கினாள். அதுவும் முடிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

"அது சாப்பாடு இல்ல சாமி" என்றாள் மெதுவாக. "அது கண்ணேறு."

"உள்ள போனா அதுவும் கொழுப்புதாம்மா" என்றார் டாக்டர்.

தினமும் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். ஒருநாளும் எங்களுக்கு அதைத் தீனி என்று தோன்றவில்லை. சாமிக்கு உடைக்கிற தேங்காயைச் சமையல் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? அதுபோலத்தான் இதுவும். ரிக்‌ஷாவில் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு இலை போட்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன் டேசியை என் அறைக்குள் கட்டினோம். ஆட்கள் வந்தார்கள். துண்டைப் பிய்த்து முகத்தைச் சுற்றிவிட்டு நாயைத் தேடினார்கள். அக்கா விவரம் சொன்னாள். யாருக்கும் பிடிக்கவில்லை.

"காக்காக்குப் போடுங்க" என்றாள்.

"காக்கா செத்தவங்க பங்கு. கண்ணுக்கு ஆவாது" என்றார் மேஸ்திரி. "எங்க தலைக்கு மேல மூட்ட ஆடிகினு கீது. நீ நாயக் கட்டிவெச்சுகினு வெளையாடுறே."

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். சிலர் இலையின் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே கன்னியப்பன் என்கிற இளவட்டத்தின் காலில் மூட்டை சரிந்து விரல் நசுங்கியது. கட்டுப் போட்ட காலோடு அவனைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள். எல்லோரும் என் அறையின் கதவைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"யக்கா, நாளைக்கு நாயி வெளிய இருக்கணும். இல்லேன்னா எங்க ஆளு ஒருத்தன்கூட இங்க நாஷ்டா துன்னமாட்டான். நாயி வோணுமா, நாங்க வோணுமா, நீயே சொல்லு."

என் வீட்டுக்காரர் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அறைக்குள் வந்ததும், "மேஸ்திரி சொல்றது சரிதான்" என்றார். எனக்கு வயிற்றில் மூத்தவன் இருந்தான். பயம் என்றால் அப்படி ஒரு பயம். அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும் பயமா கீதுக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றாள். "கண்ணு இல்லேன்னு டாக்டர் சொல்லலாம். அவரு மூட்டைக்குக் கீழ நிக்கல. எனக்குத் தெரியும்டி, கண்ணு கீது. கழிக்கத்தான் வோணும்."

டேசி அவள் காலின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு நாய் வெளியே இருக்குமா இருக்காதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

விடிந்தது. கதவு சாத்தியே இருந்தது. ஆட்கள் வந்து நின்றார்கள், உட்காரவில்லை. அக்கா எல்லோருக்கும் இலை போட்டாள். இலை போட்டபின் உட்காராமல் இருப்பது அவர்களால் ஆகாது. உட்கார்ந்தார்கள். ஆப்பம் விழுந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து மேஸ்திரியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பிச்சு சுத்து" என்றாள்.

"நாயி எங்க?"

"சுத்துன்றேன்."

அவர் துண்டைப் பிய்த்து முகத்தைச் சுற்றினார்.

"இப்ப என் வாயில போடு."

மேஸ்திரி கையைக் கீழே இறக்கினார்.

"இன்னாக்கா பேசுற நீ?"

"கண்ணு எங்கனா போயே ஆவணும்ல. எனக்குள்ள போவட்டும். நான் ஆர்பாருக்கு மூட்ட தூக்கப் போறவளா? என் தலைமேல மூட்ட தொங்குதா? இந்த அடுப்பாண்ட குந்திகினு இருக்கறவ. போடு."

"உன் வாயில போட்டா நான் மனுசனா?"

"அது வாயில போட்டப்ப மனுசன்தான?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க அத்தன பேரும் உங்க கண்ண எல்லாம் அது வவுத்துல எறக்கிட்டீங்க. அது தாங்காம படுத்துகினு கீது. அதுக்கு வாயி இல்ல, வோணாம்னு சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே கேக்குறேன், போடு."

என் வீட்டுக்காரர் கடைசி இலையில் இருந்தார். கையில் சுற்றிய துண்டு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வாயிலேயே போட்டு மென்றார். நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்து இன்னும் ஒருவர், அப்புறம் ஒருவர்.

மேஸ்திரிக்கு மட்டும் கோபம். எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் சொல் கீழே விழுகிறது. "அவ்ளோ ஆசையா? இந்தா" என்று அக்காவின் வாயில் துண்டை வைத்துவிட்டார்.

அதுவரை அக்கா சாப்பிட்டு எவரும் பார்த்ததில்லை. கடை சாத்தியபின் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பவள். அன்று சந்து முழுக்கப் பார்க்க, மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் மாவு ஊற்றினாள்.

மேஸ்திரி இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மிச்ச ஆப்பத்தை அவரால் தொட முடியவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மேஸ்திரி வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் கடைக்கு வந்து அக்காவின் முகத்தைப் பார்ப்பார். தன் கண்ணெல்லாம் அவளுக்குள் போய்விட்டதே என்று அவருக்கு உதறல். அக்கா அடுப்புப் புகைக்கு ஒரு தும்மல் போட்டால் போதும்.

"இன்னாக்கா, தும்முற?"

"பொக நைனா."

"பொகதான? வேற ஒண்ணியும் இல்லியே? கண்ணு செவந்து கீதே."

"நீ வந்து வந்து பாக்குறியே, அந்தக் கண்ணுதான் பட்டுடுச்சு" என்பாள் அக்கா. ஆட்கள் ஆப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

துண்டு சுற்றுவதை அவர்கள் விட்டுவிடவில்லை. சுற்றி, மடியில் முடிந்துகொண்டு போய்க் கப்பலடியில் கடலில் போட்டார்கள். மேஸ்திரியே கண்டுபிடித்த வழி அது. "கடலுக்கு எவ்ளோ போட்டாலும் உடம்பு பெருக்காது" என்றார், தானே டாக்டர் மாதிரி. கன்னியப்பன் கால் ஆறி வேலைக்குத் திரும்பி, முதல் துண்டைக் கடலில் போட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தொட்டான். டேசியின் கயிற்றை அவிழ்த்தோம். அது பழக்கத்தில் இலை இலையாகப் போய் நின்றது. ஒவ்வொருவரும் கையை விரித்துக் காட்டினார்கள்.

நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அக்காவின் தலையில்தான் விழுந்தது. சாயங்காலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டேசியோடு கடற்கரைப் பக்கம் கிளம்புவாள். ஆரம்பத்தில் சந்து முனை வரைக்கும்தான், திரும்பும்போது தூக்கிக்கொண்டு வருவாள். அடுப்பை விட்டு எழாமல் கிடந்தவள் அவள். அவளுக்கும் மூச்சு வாங்கும். வலை பின்னுகிற ஆட்கள் கேலி செய்வார்கள். "யக்கா, நீ அத்த இட்டுகினு போறியா, அது உன்ன இட்டுகினு போவுதா?" பிறகு பாதி வழி, பிறகு படகுகள் நிற்கும் இடம் வரைக்கும்.

மழைக்காலம் வந்தது, போனது. டேசியின் கழுத்து எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒருநாள் குரைத்தபோது இருமல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் விலாவில் விரலை ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். "இப்ப எலும்பு தட்டுதும்மா. நல்லா இருக்கு."

அக்கா அதைச் சந்து முழுக்கச் சொல்லிப் புலம்பினாள். "எலும்பு தட்டுதாம், அது நல்லதாம். கேட்டுக்கோ. என் கையால ஒரு உசுர எளைக்க வெச்சுட்டேன், அதுக்கு என்னச் சிரிக்கச் சொல்றாரு." சொல்லிக்கொண்டே டேசியின் விலாவைத் தடவுவாள், ஒவ்வொரு எலும்பாக, கண் கலங்கும். டேசி அவள் மடியில் நிற்காமல் குதித்து ஓடும்.

ஒரு சாயங்காலம் நானும் கூடப் போனேன். மூத்தவன் இடுப்பில் இருந்தான். படகுகளைத் தாண்டி மணல் விரிந்ததும் டேசி எங்களை விட்டுவிட்டு ஓடியது. ஈர மணலில் அலை வரும்போது முன்னால் ஓடி, அலை போகும்போது பின்னால் ஓடி, காதும் சடையும் பறக்க, ஒரு பஞ்சு உருண்டை காற்றில் போவது மாதிரி ஓடியது. நான் சிரித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஒரே கவலை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கடல் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"ஓடாதடி டேசி, எளச்சுப்பூடுவ. ஓடாதடி."

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இந்தாம்மா, என் பேத்திக் கண்ணு, இதை எடுத்துக்கொண்டு வந்து இங்கே உட்கார். ஆரம்பத்திலிருந்து படி. எழுத்து தப்பாக இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள், நிறுத்திச் சொல்லாதே. கடைசியில் அக்கா கத்துகிற இடத்தை மட்டும் நன்றாகக் கத்திப் படி. எனக்குக் காது மந்தம்.